96 நிமிடமா, 100 நிமிடமா: ‘தி போலார் எக்ஸ்பிரஸ்’ டிவிடியை வெட்டிவிட்டார்களா?

நீங்கள் கேட்டிருப்பது இதுதான். கிறிஸ்துமஸுக்கு முந்தின இரவில் ரயிலேறி வடதுருவம் போகும் பிள்ளைகளைப் பற்றிய அனிமேஷன் படம் ‘தி போலார் எக்ஸ்பிரஸ்’. அதன் டிவிடி ஒன்றைப் பழைய சரக்கு விற்கும் கடையில் மகளுக்காக வாங்கினீர்கள். பிளேயரில் போட்டால் 96 நிமிடத்தில் முடிந்துவிடுகிறது. இணையத்தில் 100 நிமிடம் என்று போட்டிருக்கிறது. அமெரிக்காவில் இருக்கும் உங்கள் அக்கா வீட்டு டிஸ்க் சரியாக 100 நிமிடம் ஓடுகிறதாம், டிவி முழுக்கப் படம் நிறைந்தும் இருக்கிறதாம்; உங்களுடையதில் மேலும் கீழும் கறுப்புப் பட்டை. நான்கு நிமிடத்தை வெட்டிவிட்டார்களா, அக்காவிடம் சொல்லி அதே டிஸ்கை வரவழைக்கட்டுமா என்கிறீர்கள். கூடவே, அந்தப் பிள்ளைகளின் கண்களைப் பார்த்து மகள் மிரண்டாள், அதுவும் டிஸ்கின் கோளாறா என்று ஒரு வரி சேர்த்திருக்கிறீர்கள்.

நிமிடக் கணக்கைக் கேட்டாலும் உங்கள் மனதில் உள்ள சந்தேகம், மகள் பார்த்தது முழுப் படம்தானா என்பது. நீங்கள் சொன்ன அடையாளங்களை வைத்துப் பார்த்தால் அவள் முழுப் படத்தையும் பார்த்துவிட்டாள். குறைப் படம் வைத்திருப்பவர் பெரும்பாலும் உங்கள் அக்காதான். நான் பன்னிரண்டு வருடம் படங்களை டிவிடியாக மாற்றும் வேலை பார்த்தவன். இந்தப் படத்தின் டிஸ்கில் என் கை பட்டதில்லை, உங்கள் டிஸ்கையும் நேரில் பார்க்கவில்லை. ஆனால் இந்த 96, 100 விவகாரம் எங்களுக்குத் தினசரிச் சோறு. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

சினிமா விநாடிக்கு 24 ஃபிரேம், அதாவது 24 அசையாப் படங்கள் என்ற கணக்கில் ஓடுவது. முழுக்கக் கணினியில் உருவான இந்தப் படமும் அப்படித்தான். 100 நிமிடம் என்றால் 6,000 விநாடி. 24ஆல் பெருக்கினால் 1,44,000 ஃபிரேம். இந்தியாவில், இலங்கையில், ஐரோப்பாவின் பெரும்பகுதியில் பழைய டிவி முறைக்குப் பெயர் ‘பால்’ (PAL). அது விநாடிக்கு 25 ஃபிரேம் காட்டும். 24ஐ 25 ஆக்க வேண்டும். இல்லாத ஒரு ஃபிரேமை விநாடிதோறும் எங்கிருந்து கொண்டுவருவது? யாரும் மெனக்கெடவில்லை. படத்தையே கொஞ்சம் வேகமாக ஓட்டிவிட்டார்கள். அதே 1,44,000 ஃபிரேமை 25ஆல் வகுத்துப் பாருங்கள்: 5,760 விநாடி, அதாவது 96 நிமிடம். உங்கள் பிளேயர் காட்டும் எண் அதுதான். ஒரு ஃபிரேம்கூடக் குறையவில்லை, எல்லாம் நான்கு சதவீதம் அவசரமாகப் போகிறது, அவ்வளவுதான்.

அமெரிக்காவில் வேறு முறை. அங்கே டிவி விநாடிக்கு ஏறத்தாழ 60 ‘அரை ஃபிரேம்’ (ஒரு ஃபிரேமின் ஒன்றுவிட்ட கோடுகள் மட்டும்) காட்டும். 24ஐ 60 ஆக்க, ஒரு ஃபிரேமை இரண்டு முறையும் அடுத்ததை மூன்று முறையும் மாற்றி மாற்றிக் காட்டினார்கள். வேகம் மாறாததால் நேரமும் மாறவில்லை. இன்னும் துல்லியமாகச் சொன்னால் அந்த முறை ஆயிரத்தில் ஒரு பங்கு மெதுவாக ஓடும். 100 நிமிடப் படம் ஆறு விநாடி நீளும். கேமரா பக்கவாட்டில் நகரும்போது லேசாகத் தடுக்கித் தடுக்கிப் போவதுபோல் தெரியும், அதுதான் அதற்குக் கொடுக்கும் விலை. பால் டிஸ்கில் அந்தத் தடுக்கல் இருக்காது. ரயில் பனியைக் கிழித்துக்கொண்டு வளைந்து வளைந்து போகும் காட்சிகள் இந்தப் படத்தில் ஏராளம் என்பதால், இந்த ஒரு விஷயத்தில் உங்கள் டிஸ்க் ஒரு படி மேல் என்றுகூடச் சொல்வேன்.

வேகம் கூடினால் குரல் என்ன ஆகும் என்று கேட்பீர்கள். கூடத்தான் செய்யும். ஒலியைத் தனியாகச் சரிசெய்யாமல் விட்டால் சுருதி அரைக்கட்டைக்குச் சற்றுக் குறைவாக ஏறிவிடும். படத்தின் முடிவில் ஜோஷ் க்ரோபன் பாடும் ‘பிலீவ்’ பாட்டை ஆடியோவில் கேட்டுப் பழகியவருக்கு, டிவிடியில் அவர் குரல் கொஞ்சம் இளமையாகக் கேட்கலாம். சங்கீதக் காது உள்ளவர்கள் முதல் வரியிலேயே பிடித்துவிடுவார்கள், மற்றவர்களுக்குப் பத்துப் படம் பார்த்தாலும் தெரியாது. எஞ்சின் சத்தமும் இப்படித்தான். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், ஒவாசோ என்ற ஊரில், 1941இல் கட்டப்பட்ட ‘பேர் மார்க்கெட் 1225’ என்ற நிஜ நீராவி எஞ்சின் இருக்கிறது. அதன் வரைபடங்களைப் பார்த்துத்தான் படத்து எஞ்சினைச் செய்தார்கள், அதன் சத்தத்தைப் பதிவு செய்துதான் பயன்படுத்தினார்கள். 12, 25 என்று பிரித்துப் படித்தால் டிசம்பர் 25. தற்செயல்தான், ஆனால் என்ன ஒரு தற்செயல்! அந்த எஞ்சினும் உங்கள் டிஸ்கில் நான்கு சதவீதம் வேகமாக மூச்சு வாங்குகிறது.

படத்தையும் ஒலியையும் சேர்த்து வேகப்படுத்த வேண்டும் என்பது இந்த வேலையின் அரிச்சுவடி. புதிதாகச் சேர்ந்த காலத்தில் ஒரு படத்துக்கு நான் படத்தை மட்டும் 25க்கு மாற்றிவிட்டு ஒலியை அப்படியே 24இல் விட்டுவிட்டேன். முதல் காட்சியில் வசனம் இல்லை, அதனால் யாரும் கவனிக்கவில்லை. பத்தாவது நிமிடத்தில் ஒலி 25 விநாடி பின்தங்கி, அம்மா பேசும்போது அப்பா குரல் வந்தது. அன்றைக்கு வாங்கிக் கட்டிக்கொண்ட திட்டில் இந்தக் கணக்கு எனக்கு ஜென்மத்துக்கும் மறக்காது.

சரி, நான் சொல்வதை நம்பவே வேண்டாம், நீங்களே சோதித்துப் பார்க்கலாம். வெட்டு என்றால் வித்தியாசம் ஓரிடத்தில் திடீரென்று வரும். வேகம் என்றால் கொஞ்சம் கொஞ்சமாகச் சேரும். அக்காவிடம் போனில் பேசி நான்கைந்து இடங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: ரயில் வீட்டு வாசலில் நிற்பது, பணியாளர்கள் ஆடிப் பாடி ஹாட் சாக்லேட் கொடுப்பது, ரயில் உறைந்த ஏரியில் சறுக்குவது, வடதுருவத்தில் போய் நிற்பது. ஒவ்வொன்றும் எத்தனையாவது நிமிடத்தில் வருகிறது என்று இருவரும் எழுதுங்கள். அக்கா டிஸ்கில் 25ஆவது நிமிடத்தில் வருவது உங்களுடையதில் 24இல் வர வேண்டும், 50இல் வருவது 48இல், 75இல் வருவது 72இல். இப்படிச் சீராகப் போனால் விஷயம் முடிந்தது. அதை விட்டு, ஒரு காட்சி வரை ஒரே அளவாக இருந்து சட்டென்று இரண்டு நிமிடம் தாவினால் அது வெட்டு. அப்படியானால் உங்கள் கையில் இருப்பது ஒரிஜினல்தானா என்று சந்தேகப்பட வேண்டும். கடைசி டைட்டில் வரையும் ஓடவிட்டுப் பாருங்கள். எஞ்சினில் இருக்கும் இரண்டு பேருக்கும் நடிப்புக் கொடுத்த மைக்கேல் ஜீட்டர், படம் வெளிவருவதற்கு முன்பே, 2003இல் காலமானார். படத்தை அவருக்குச் சமர்ப்பணம் செய்திருக்கிறார்கள். திருட்டு டிஸ்க் போடுகிறவர்கள் முதலில் கைவைப்பது அந்தக் கடைசிப் பகுதியில்தான்.

இனி அக்காவின் டிஸ்க். உங்கள் கேள்வியில் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது, ‘டிவி முழுக்கப் படம் நிறைந்திருக்கிறது’ என்ற வரிதான். அது நல்ல அறிகுறி இல்லை. இந்தப் படம் மிக அகலமான சட்டகத்தில் எடுக்கப்பட்டது. உயரம் ஒன்று என்றால் அகலம் 2.39. அமெரிக்காவில் 2005 நவம்பரில் டிவிடி வந்தபோது வைட் ஸ்கிரீன், ஃபுல் ஸ்கிரீன் என்று இரண்டு தினுசாக விற்றார்கள். அப்போது பெரும்பாலான வீடுகளில் இருந்தது பழைய பெட்டி டிவி, அதன் அகலம் 1.33தான். கறுப்புப் பட்டையைப் பார்த்தாலே ‘காசு கொடுத்து வாங்கிய டிவியில் பாதி வீணாகிறதே’ என்று கோபப்படும் ஆட்கள் நிறையப் பேர் இருந்தார்கள். அவர்களுக்காகத்தான் ஃபுல் ஸ்கிரீன். பெயரில்தான் ஃபுல். 2.39 அகலப் படத்தை 1.33க்குள் உயரம் குறையாமல் அடைக்க வேண்டுமானால், பக்கவாட்டில் 44 சதவீதத்தை விட்டுவிட வேண்டும்.

அது மட்டுமா? அக்கா வீட்டில் இப்போது இருப்பது அகலமான தட்டை டிவியாகத்தான் இருக்கும். அதில் 1.33 படத்தை அப்படியே காட்டினால் இடமும் வலமும் கறுப்பாக இருக்க வேண்டும். முழுக்க நிறைந்திருக்கிறது என்றால் இரண்டில் ஒன்று. டிவி படத்தை அகலவாக்கில் இழுத்திருக்கிறது, எல்லோரும் கொஞ்சம் குண்டாகத் தெரிவார்கள், ரயில் சக்கரம் முட்டை வடிவத்தில் இருக்கும். அல்லது ஜூம் செய்திருக்கிறது. அப்போது ஏற்கெனவே பக்கவாட்டில் இழந்தது போக, மேலும் கீழும் இன்னொரு கால் பங்கு போய்விடும். கணக்குப் போட்டால் மொத்தப் படத்தில் மிஞ்சுவது 42 சதவீதம். இது வெறும் வடிவக் கணக்குதான், ஒவ்வொரு ஷாட்டிலும் இதே அளவுக்கு நஷ்டம் உறைக்கும் என்று சொல்ல மாட்டேன். ஒரே ஒரு முகம் தெரியும் இடத்தில் ஓரம் போனால் ஒன்றும் குடிமுழுகாது. ஆனால் வடதுருவத்துச் சதுக்கத்தில் குள்ள மனிதர்கள் ஆயிரக்கணக்கில் கூடும் இடத்தை, ரயில் இருளில் மலை ஏறும் இடத்தை யோசித்துப் பாருங்கள். அந்தக் காட்சிகளின் பிரமிப்பே அகலத்தில்தான் இருக்கிறது.

ஆக, நிமிடம் குறைந்த டிஸ்கில் எதுவும் குறையவில்லை, நிமிடம் குறையாத டிஸ்கில் பாதிக்குப் பாதி காணோம். உங்கள் டிவியில் அந்தக் கறுப்புப் பட்டைகள் இரண்டும் சேர்ந்து திரையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும். உறுத்தலாகத்தான் இருக்கும், ஒப்புக்கொள்கிறேன். விளக்கை அணைத்துவிட்டுப் பாருங்கள், பத்து நிமிடத்தில் கண் அதை மறந்துவிடும்.

மகளின் பயத்துக்கு வருகிறேன். அதற்கு டிஸ்கைக் குறை சொல்ல முடியாது. படம் 2004இல் தியேட்டருக்கு வந்த நாளிலேயே பெரியவர்கள் பலர் இதே புகாரைச் சொன்னார்கள். இயக்குநர் ராபர்ட் ஜெமெக்கிஸ் இதில் நடிகர்களின் உடல் அசைவையும் முக அசைவையும் கணினியில் பதிவு செய்து, அதன்மேல் உருவங்களை வரையவைத்தார். டாம் ஹேங்க்ஸ் ஒருவரே கண்டக்டர், சிறுவனின் அப்பா, ரயில் கூரைமேல் இருக்கும் நாடோடி, சாண்டா, இன்னும் சில வேடங்களையும் செய்தார், சிறுவனின் அசைவுகள்கூட அவருடையவைதான். சிறுவனின் குரல் மட்டும் டேரில் சபாரா என்ற நடிகருடையது. முகத்தில் புள்ளிகளை ஒட்டித் தசையின் அசைவைப் பிடித்துவிடலாம், ஆனால் கருவிழியில் புள்ளி ஒட்ட முடியாதே! கண்ணின் அசைவைப் பிறகு கையால்தான் சேர்க்க வேண்டியிருந்தது. உடம்பும் உதடும் அச்சு அசல் மனிதனாக இருந்து, கண் மட்டும் அரை நொடி எங்கோ பார்த்தால் நமக்குள் ஏதோ உறுத்தும். மசாஹிரோ மோரி என்ற ஜப்பானிய ரோபோ நிபுணர் 1970லேயே இதைப் பற்றி எழுதினார்: பொம்மை மனிதனைப் போல ஆக ஆக நமக்குப் பிடித்துக்கொண்டே போகும், ஏறக்குறைய மனிதனேதான் என்னும் கட்டத்தில் திடீரென்று அருவருப்பு தட்டும் என்று. உங்கள் மகள் அதைப் படிக்காமலேயே கண்டுபிடித்திருக்கிறாள்.

எந்த வயதுக் குழந்தை எதற்குப் பயப்படும் என்பது என் துறை இல்லை. பல வீடுகளில் கேட்டதை வைத்துச் சொன்னால், முகங்களைவிட அந்தப் பழைய பொம்மைகள் கிடக்கும் பெட்டியில் கயிற்றுப் பொம்மை பேசும் காட்சிக்கும், ஏரியில் பனி விரிசல் விடும் காட்சிக்கும்தான் சிறுசுகள் அதிகம் மிரள்கின்றன. அந்த இரண்டையும் தாண்டி ஓட்டிவிட்டாலும் கதை புரியும்.

ஏன் புரியும் என்றால், அவை மூலக் கதையிலேயே இல்லை. கிறிஸ் வேன் ஆல்ஸ்பர்க் எழுதி வரைந்த புத்தகம் 1985இல் வந்தது, மறு வருடம் அமெரிக்காவில் குழந்தைகளுக்கான படப் புத்தகங்களுக்குத் தரும் கால்டிகாட் பதக்கத்தை வாங்கியது. மொத்தம் 32 பக்கம். மெதுவாக வாசித்துக் காட்டினாலும் பத்து, பன்னிரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும். கிறிஸ்துமஸுக்கு முந்தின இரவு ஒரு பையன் ரயில் சத்தம் கேட்டு எழுகிறான், வடதுருவம் போகிறான், முதல் பரிசாகச் சாண்டாவின் வண்டி மானுடைய சேணத்திலிருந்து ஒரு மணியைக் கேட்டு வாங்குகிறான், அங்கியின் பையில் இருந்த ஓட்டை வழியாக அதைத் தொலைக்கிறான், விடிந்ததும் மரத்தடியில் அது கிடைக்கிறது. அவனுக்கும் தங்கைக்கும் அதன் ஓசை கேட்கிறது, அம்மா அப்பாவுக்குக் கேட்கவில்லை. கதை அவ்வளவுதான். கூரைமேல் நாடோடி, பின்பெட்டியில் தனியாக உட்காரும் பையன், டிக்கெட்டை விட்டுவிடும் சிறுமி, கட்டுப்பாடில்லாமல் ஓடும் ரயில் எல்லாம் பத்து நிமிடத்தை 100 ஆக்குவதற்காகச் சேர்த்தவை. நாடோடியை எனக்குப் பிடிக்கும், துரத்தல்களில் பாதியை எடுத்துவிட்டிருக்கலாம். இது என் ரசனை, இதற்கும் டிஸ்க் வேலைக்கும் சம்பந்தமில்லை.

புத்தகத்தின் ஓவியங்களும் அகலமானவை. விரித்துவைத்த இரண்டு பக்கத்தையும் பிடித்துக்கொண்டு, இருட்டில் மஞ்சள் ஜன்னல் வெளிச்சத்தோடு ரயில் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை போகும். படத்தில் பல ஷாட்கள் அந்தப் பக்கங்களை அப்படியே எடுத்துக்கொண்டவை. புத்தகத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உங்கள் வைட் ஸ்கிரீன் டிஸ்கை நிறுத்திப் பார்த்தால் மகளே எது எந்தப் பக்கம் என்று காட்டுவாள்.

புதிதாக வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால் ப்ளூ-ரே வாங்குங்கள், 2007லிருந்தே இருக்கிறது. அது 24 ஃபிரேமிலேயே ஓடும், அதனால் 100 நிமிடம், சுருதியும் சரியாக இருக்கும், அகலமும் முழுசு. ஆனால் கறுப்புப் பட்டை அதிலும் இருக்கும், அதற்கு மருந்து கிடையாது. 2008இல் வந்த 3டி பதிப்பைத் தவிர்த்துவிடுங்கள். ஒவ்வொரு கண்ணுக்கும் ஒவ்வொரு நிறத் தாள் ஒட்டிய அட்டைக் கண்ணாடியோடு வரும். படத்தின் நிறமே போய்விடும், கால் மணி நேரத்தில் தலை வலிக்கும். பிற்பாடு வந்த நிஜமான 3டி ப்ளூ-ரே நன்றாகவே இருக்கும், ஆனால் அதற்கு 3டி டிவி வேண்டும், அதைத் தயாரிப்பதைப் பெரிய கம்பெனிகள் 2017 வாக்கில் விட்டுவிட்டன. 2022இல் 4கே டிஸ்க் வந்தது. பனி இரவில் விளக்கொளி மின்னும் படம் என்பதால் நல்ல டிவி இருந்தால் வித்தியாசம் தெரியும், சாதாரண டிவிக்கு ப்ளூ-ரேயே போதும்.

அக்காவின் டிஸ்க் வேண்டாம். அது அமெரிக்காவுக்கான முதல் மண்டலக் குறியீடு கொண்டது, நம் ஊர் ஐந்தாம் மண்டலம். உங்கள் பிளேயர் எல்லா மண்டலத்தையும் ஏற்கும் ரகமாக இல்லாவிட்டால் திரையில் எச்சரிக்கை மட்டும்தான் வரும். மாறாக, அவர் டிஸ்க் உறையின் பின்பக்கத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். அதில் வைட் ஸ்கிரீன் என்று இருந்தால் நான் அவர் டிஸ்கைத் தவறாகச் சந்தேகப்பட்டுவிட்டேன், கோளாறு டிவியில்தான். ரிமோட்டில் படத்தின் அளவை மாற்றும் பொத்தானை இரண்டு, மூன்று முறை அழுத்தினால் அவர் வீட்டிலும் கறுப்புப் பட்டை வந்துவிடும்.